அந்தத் தெருக்களில் ஆட்கள் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கம் முழுக்க 19ஆம் நூற்றாண்டு நகரத் தெருக்கள், பூங்காக்களின் பழைய போட்டோக்களைப் போட்டிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள் குறைவு. நான் இவற்றைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறவன் என்பதால் பேப்பரை மேஜையில் விரித்துப் பூதக்கண்ணாடியோடு அரைநாள் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தின் தலைப்பும் படங்களுக்குக் கீழே இருந்த வரிகளும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. 'கூட்டமில்லாத காலம்' என்று தலைப்பு. 'ஆள் அரவமற்ற அமைதியான தெரு' என்று ஒரு குறிப்பு, 'நெரிசல் என்றால் என்னவென்றே தெரியாத நகரம்' என்று இன்னொன்று. எடுத்தவர் பெயர் ஒரு படத்துக்கும் இல்லை. வருடமும் இல்லை, '150 ஆண்டுகளுக்கு முன்' என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வரி.

அந்தத் தெருக்களில் ஆட்கள் இருந்தார்கள். நிறையவே இருந்தார்கள். நடந்தார்கள், வண்டி ஓட்டினார்கள், கூவி விற்றார்கள், சண்டை போட்டார்கள். அன்றைய கேமராவால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஃபிலிம் வருவதற்கு முன் கேமராவுக்குள் வைத்த தகட்டில் வெளிச்சம் பதிவதற்குள் நடந்து போகிறவர் கடந்து போய்விடுவார், அவர் நின்ற இடம் என்று ஒன்றே இருக்காது, பின்னால் இருக்கும் சுவரும் கல்லும் மட்டும் பதியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் நகரமே காலியாகத் தெரியும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் குறிப்பு எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் படிக்கும் பக்கத்தில் அது அப்படியே போகக் கூடாது.

உங்கள் பக்கத்தில் முதலாவதாக இருந்ததே இதற்குச் சரியான உதாரணம். அது பாரிஸின் புல்வார் து தாம்பிள் என்ற சாலை. போட்டோ முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூயி டாகேர் 1838இல் தன் மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரங்கள், வரிசையாகக் கட்டடங்கள், துடைத்துவிட்டது போல் வெறும் சாலை. கீழே இடது பக்கம் நடைபாதையில் ஒரே ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். அந்தத் தெரு அப்போது நாடகக் கொட்டகைகளுக்குப் பேர்போன இடம், நாள் முழுக்கக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். டாகேரின் தகட்டுக்குப் பல நிமிட வெளிச்சம் தேவைப்பட்டது. அத்தனை நேரமும் ஒரே இடத்தில் நின்ற ஆள், பாலிஷுக்குக் காலைக் கொடுத்துவிட்டு நின்ற அவர்தான். தன்னை யாரோ படம் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. போட்டோவில் பதிந்த முதல் மனிதர்கள் என்று அவரையும் குனிந்து பாலிஷ் போட்டவரையும்தான் இன்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1839 மார்ச்சில் பாரிஸில் இருந்த சாமுவேல் மோர்ஸ், தந்தி மோர்ஸேதான், டாகேரிடம் போய் அவர் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் அது நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. எப்போதும் ஆட்களும் வண்டிகளுமாக இருக்கும் சாலை படத்தில் யாருமே இல்லாமல் இருக்கிறது, பூட்ஸைத் துடைக்கக் கொடுத்த ஒருவர் மட்டும் இருக்கிறார், அவருடைய கால்கள் தெளிவாகத் தெரிகின்றன, உடம்பும் தலையும் அசைந்ததால் பதியவில்லை என்று அதில் விளக்கமாக எழுதியிருந்தார். அதாவது, காலியாகத் தெரியும் தெரு காலியில்லை என்று போட்டோ உலகுக்கு அறிமுகமான வருடமே ஒரு பத்திரிகையில் கடிதமாக வந்துவிட்டது. அதே படத்தைப் போட்டு அதே விஷயத்தை நாம் இன்றும் தப்பாகச் சொல்கிறோம்.

1851இல் லண்டனில் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை வந்த பிறகு நேரம் விநாடிக் கணக்குக்கு இறங்கியது, ஆனாலும் பெரிய தகட்டில் ஒரு தெருவை நுணுக்கமாக எடுக்கப் பல விநாடிகள் வேண்டியிருந்தது, இருட்டான சந்து என்றால் இன்னும் அதிகம். வேலையும் லேசானதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றிச் சமமாகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே ஓடிப் போய் இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும், எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். அதனால் படமெடுக்கப் போகிறவர் கூடாரமோ வண்டியோ ஒரு இருட்டறையையே கூடக் கொண்டுபோனார். தெருவில் இப்படி ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அந்தப் படங்களில் சுவரோரம், வாசற்படியில், நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அப்படி வந்தவர்கள்.

இந்தப் படங்களில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். சவாரிக்குக் காத்திருக்கும் வண்டிக்காரர். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் விற்பவர். கடை வாசலில் கைகட்டி நிற்கும் முதலாளி. பூங்கா பெஞ்சில் ஒரு முதியவர். நிற்க நேரமிருந்தவர்கள், நிற்பதே வேலையாக இருந்தவர்கள். அவசரமாக வேலைக்குப் போனவர்கள், சுமை தூக்கிப் போனவர்கள், குழந்தையை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள், இவர்களெல்லாம் விழவே இல்லை, விழுந்திருந்தாலும் நடைபாதையில் புகை மாதிரி ஒரு கீற்று. வண்டிக்காரர் தெளிவாக இருப்பார், அவருடைய குதிரைக்கு உடம்பு இருக்கும், தலை மட்டும் கலங்கியிருக்கும், ஈ விரட்டத் தலையை ஆட்டியிருக்கும். உருப்பெருக்கிப் பார்க்கும்போது அந்தக் கீற்றுகளைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை. ஒரு பாதம் மட்டும் தனியாகக் கல்லில் பதிந்திருக்கும், நடக்கும்போது பாதம் தரையில் ஒரு கணம் நிற்கிறதல்லவா, அந்த ஒரு கணம்.

கூட்டம் இருந்ததற்கு அதே காலத்திலேயே கண்கண்ட சாட்சியும் இருக்கிறது. இரட்டைப் படமாக எடுத்து ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் படங்களுக்குச் சின்னத் தகடு போதும், லென்ஸும் வேறு மாதிரி, வெளிச்சம் சீக்கிரம் பதியும். 1859 வாக்கில் நியூயார்க்கில் எட்வர்ட் ஆன்டனி பிராட்வே சாலையையும், ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் எடின்பரோவின் பிரின்சஸ் தெருவையும் இப்படி எடுத்தார்கள். அதில் பாருங்கள் கூட்டத்தை! வண்டிக்குப் பின்னால் வண்டி, குறுக்கே ஓடும் ஆட்கள், கால் தூக்கியபடியே நிற்கும் நடை. அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ் இந்த மாதிரி தெருப் படங்களை வைத்துக்கொண்டு மனிதன் எப்படி நடக்கிறான் என்று ஆராய்ந்து 1863இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது உள்நாட்டுப் போரில் கால் இழந்த சிப்பாய்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் விஷயத்தை ஒட்டி எழுதியது அது. தெருப் படத்தில் யதேச்சையாகப் பதிந்த ஒரு வழிப்போக்கரின் நடை ஊனமுற்ற ஒருவருக்கு உதவப் பயன்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது.

சரி, ஆட்கள் விஷயம் இது. அடுத்தது இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தப் படங்களை யார், எதற்காக எடுத்தார்கள்?

தெரு அழகாக இருக்கிறதே என்று எடுத்த படங்களும் உண்டு, ஆனால் நாம் இன்று அதிகம் பார்க்கும் பழைய தெருக்களில் பல, இடிக்கப் போகிறார்கள் என்பதாலேயே படமானவை. பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் அங்கே ஆட்சியராக இருந்து, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் திட்டப்படி பழைய நகரத்தைக் கிழித்து நேர்நேரான அகலச் சாலைகள் போட்டார். அந்த வேலையில் போகப்போகும் சந்துகளையெல்லாம் எடுத்து வைக்கும் பொறுப்பு சார்ல் மார்வில் என்பவரிடம் வந்தது. பிறவிப் பெயர் பொசு, அந்தச் சொல்லுக்குக் கூனன் என்று அர்த்தம், அதனால் இளம் வயதிலேயே பெயரை மாற்றிக்கொண்டவர். 1862இல் பாரிஸ் நகரத்தின் அதிகாரப்பூர்வ போட்டோகிராபர் ஆனார். 1860களின் பிற்பாதியில் பழைய தெருக்களை 425க்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். கேமராவைத் தாழ வைத்து, நடுவில் சாக்கடை ஓடும் கல் பாவிய தெரு ஈரத்தில் மினுங்குவது தெரியும்படி, இரண்டு பக்கமும் சாய்ந்த சுவர்கள், பெயர்ப்பலகைகள், சுவரொட்டிகள். ஒரு தெருவை நேராகப் பார்த்து அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வது போல எடுத்திருக்கிறார். அந்தச் சந்துகளை 'எழில் கொஞ்சும் பழைய பாரிஸ்' என்று மட்டும் போட்டால் பாதிக் கதை போய்விடுகிறது. படம் எடுத்த கொஞ்ச நாளில் அவற்றில் பல இல்லை. அங்கே வாடகைக்கு இருந்தவர்களும் அங்கே இல்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் மார்வில்லே ஒரு பதில் வைத்திருக்கிறார். 1877, 78 வாக்கில் நகரத்தின் கிழக்கு விளிம்பில், ஷாம்பிளேன் தெருவின் உச்சியில் நின்று எடுத்த படம். மேடும் பள்ளமுமான மண், அதில் பலகையும் தகரமுமாகச் சேர்த்துக் கட்டிய குடிசைகள், முன்னால் மேட்டில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் நகரம். புதிய சாலைகளையும் புதிய கேஸ் விளக்குக் கம்பங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து நகரத்துக்குப் பெருமை சேர்த்த அதே கை எடுத்தது இது. இந்த ஒரு படத்தை அந்த அழகான சந்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், நீங்கள் ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் இதே கதைதான். அங்கே நகரின் நெருக்கடியான குடியிருப்புகளை இடித்து எடுக்க 1866இல் சட்டம் வந்து, அதற்காக அமைந்த அறக்கட்டளை தாமஸ் அன்னன் என்பவரை நியமித்தது. 1868 முதல் 1871 வரை அவர் அந்த ஒடுக்கமான சந்துகளுக்குள் தகடும் கேமராவுமாகப் போனார். வெளிச்சம் உள்ளே வரவே வராத சந்துகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பேர்போனவை. மேலே குறுக்காகக் கட்டிய கொடியில் துணி காய்கிறது, கீழே வாசலில் பெண்கள், பிள்ளைகள், சிலர் தெளிவாக, சிலர் பாதி உருவமாக, சிலர் வெறும் நிழலாக. இடிக்க முடிவெடுத்தவர்களே காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அதை வெறும் இடிப்புக் கோப்பாகப் பார்க்க முடியவில்லை.

லண்டனில் நேர்மாறாக நடந்தது. 1875இல் ஆக்ஸ்போர்ட் ஆர்ம்ஸ் என்ற மிகப் பழைய சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சில தனி ஆட்கள் சேர்ந்து, காப்பாற்ற முடியாவிட்டாலும் படமாவது இருக்கட்டும் என்று ஆரம்பித்தார்கள். பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுக்கும் சங்கம் என்று பெயர் வைத்தார்கள், 1886 வரை 120 படங்கள். மங்கக் கூடாது என்று கார்பன் முறையில் பிரிண்ட் போட்டார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. ஆக, அரசு எடுத்த படம் ஒன்று, குடிமக்கள் வருத்தப்பட்டு எடுத்த படம் ஒன்று. உங்கள் பக்கத்தில் இரண்டும் கலந்து கிடந்தன. எது எது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூங்காக்களுக்கு வருகிறேன். அந்தப் பகுதிக்கு 'இயற்கை மடியில் நகரம்' என்று போட்டிருந்தீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரிய நகரப் பூங்காக்கள் ஏறக்குறைய முழுக்க மண்வெட்டியாலும் வெடிமருந்தாலும் சிமென்ட்டாலும் செய்தவை. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, ஏழை பணக்காரர் எல்லோரும் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நகரங்கள் நினைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் செய்தது என்று தெரிந்து பார்த்தால்தான் அந்தப் படங்கள் புரியும். பாரிஸில் புவா து பூலோன்ய் காட்டை 1852இல் மூன்றாம் நெப்போலியன் நகரத்துக்குக் கொடுத்த பிறகு ஏரி வெட்டி, தண்ணீர் கொண்டுவந்து, அருவி கட்டி, பாறைகளைக்கூடச் சிமென்ட் வைத்து அமைத்தார்கள். மார்வில் 1858இல் அந்தப் பூங்காவை ஆல்பமாக எடுத்தார். அதே ஊரின் புத் ஷோமோன் பூங்கா அதற்கு முன்னால் ஜிப்சம் கல் வெட்டிய குவாரி, குப்பை கொட்டும் இடம், பக்கத்திலேயே பல நூற்றாண்டுகள் தூக்குமேடை இருந்த மோன்ஃபோகோன். பொறியாளர் அல்ஃபான் அதைப் பாறைத் தீவும் ஏரியுமாக மாற்றி, 1867 உலகக் கண்காட்சியை ஒட்டித் திறந்தார்கள்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் படம் ஒன்றும் போட்டிருந்தீர்கள், அதைப் பார்த்துத்தான் எனக்கு மிகவும் வருத்தமாகப் போய்விட்டது. 'முன்பு வெறும் பொட்டல், இன்று உலகப் புகழ்' என்று கீழே வரி. வெறும் பொட்டல் இல்லை. அங்கே செனெகா வில்லேஜ் என்று ஒரு ஊர் இருந்தது. 1825இல் கறுப்பினத்தவர் நிலம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்த இடம். 1855 வாக்கில் சுமார் 225 பேர், அதில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், மற்றவர்களில் ஐரிஷ்காரர்கள் அதிகம். மூன்று சர்ச்சுகள், ஒரு பள்ளிக்கூடம், கல்லறைகள். சொத்து இருந்தால்தான் கறுப்பினத்தவருக்கு ஓட்டு என்ற காலத்தில் சொந்த வீடு வைத்திருந்த மக்கள். பூங்காவுக்காக நிலத்தை எடுத்து 1857இல் அவர்களை வெளியேற்றினார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் ஆம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் வடிவமைப்பு தேர்வானது. 1862இல் விக்டர் பிரேவோ எடுத்த பூங்காப் படங்களில் சின்னச் சின்ன மரங்களும் புதிதாகக் கட்டிய பாலங்களும் இருக்கின்றன. மரங்கள் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று யாராவது கேட்டால்தானே, அவை இப்போதுதான் நட்டவை என்பதும், நடுவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதும் வெளியே வரும்?

அப்புறம் வானம். 'மாசில்லாத வெள்ளை வானம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தகடுகளுக்கு நீலம்தான் ரொம்பப் பிடிக்கும், சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. அதனால் நீல வானம் அளவுக்கு மேல் வெளிச்சம் வாங்கி வெள்ளையாகிவிடும், மேகம் இருந்தாலும் கரைந்துவிடும், பச்சை இலைகள் கறுத்துப்போகும். நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரத்தின் வானமும் அதில் வெள்ளையாகத்தான் விழும். மதுரையையும் தஞ்சாவூரையும் 1858இல் எடுத்த லின்னேயஸ் டிரைப் அதற்கு மூன்று வருடம் முன்பு பர்மாவில் எடுத்த படங்களில், வானம் இப்படி வெறிச்சென்று இருப்பது பிடிக்காமல் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார். அந்த அழகான மேகங்கள் எல்லாம் அவர் கை வேலை.

இதனால்தான் வண்ணம் பூசிய படத்தைப் போட வேண்டாம் என்று கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் இரண்டு படங்கள் அப்படி இருந்தன, 'தொழில்நுட்பம் மீட்டெடுத்த அசல் நிறம்' என்ற வரியோடு. சிவப்புப் பாவாடையும் கறுப்புப் பாவாடையும் அந்தத் தகட்டில் ஒரே மாதிரிதான் விழும். இல்லாத தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அது ஊகித்துப் பூசுகிறது. அதை அசல் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். 1890களின் போட்டோகுரோம் அட்டைகளையும் பலர் வண்ணப் போட்டோ என்று நினைக்கிறார்கள், அவை கறுப்பு வெள்ளை நெகட்டிவிலிருந்து கல்லச்சில் ஒவ்வொரு நிறமாகக் கொடுத்து அடித்தவை. வண்ணப் படத்துக்கென்று ஆட்டோகுரோம் தகடு கடைக்கு வந்ததே 1907இல்.

வருடம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருடம் எழுதாத படத்துக்கும் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கும். நான்காவது படத்தில் வலது ஓரம் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது, இரண்டு சக்கரமும் ஒரே அளவு, செயின் இருக்கிறது. அந்த மாதிரி சைக்கிள் பரவியதே 1885இல் ரோவர் என்ற சைக்கிள் வந்த பிறகு. மேலே கம்பிகள் பின்னிக்கொண்டு கம்பத்துக்குப் பத்துக் குறுக்குக்கட்டை இருந்தால் அது டெலிபோன் வந்த 1880கள். 1888 பனிப்புயலில் கம்பிகள் அறுந்து விழுந்த பிறகு நியூயார்க்கில் அவற்றைத் தரைக்கடியில் கொண்டுபோகும் வேலை வேகமெடுத்ததால், கம்பிக் காடு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அந்த ஊர்ப் படங்களுக்கு ஓரளவு வருடம் சொல்லிவிடலாம். மின் டிராம் ஓடினால் 1881க்குப் பிறகு. ஆக எல்லாப் படத்துக்கும் '150 ஆண்டுகளுக்கு முன்' என்று போட்டது சரியில்லை, குறைந்தபட்சம் இரண்டு படங்கள் அதைவிடப் புதியவை, முதல் படம் அதைவிட மிகப் பழையது.

ஓரத்தை வெட்டவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் எடுப்பார்கள், நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. பெரிதாக்காததால் நுணுக்கம் அபாரமாக இருக்கும். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் ஓரத்தில் ஒரு கடையின் விலைப்பலகையைக்கூடப் படிக்கலாம். மூலையில் நெகட்டிவிலேயே கீறி எழுதிய எண்ணோ பெயரோ இருக்கும். பக்கத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்று நான்கு பக்கமும் வெட்டினால் முதலில் போவது அதுதான். டாகேரோடைப் படங்கள், அதாவது டாகேரின் முறையில் உலோகத் தகட்டில் எடுத்தவை, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித்தான் விழும், அதனால் தெருவின் எந்தப் பக்கம் எந்தக் கட்டடம் என்று பேசும்போது அதையும் சொல்ல வேண்டும்.

மூலம் எங்கே இருக்கிறது என்று போடுவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. டாகேர் அந்தத் தெருப் படத்தை 1839இல் பவேரிய மன்னர் முதலாம் லூட்விக்குக் கொடுத்தார், மியூனிக்கில் இருந்தது. பிற்காலத்தில் சுத்தம் செய்யப் போய் அது பெரிதும் அழிந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க எல்லோரும் பார்ப்பது அதற்கு முன்னால் எடுத்து வைத்த ஒரு நகலிலிருந்து வந்தவை. அந்த நகலும் இல்லையென்றால் பாலிஷ் போட்டுக்கொண்டவரும் இல்லை. இப்போது பல காப்பகங்கள் படங்களை இலவசமாகவே திறந்துவிட்டிருக்கின்றன. பாரிஸ் நகர அருங்காட்சியகங்கள் 2020 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டன, மார்வில் எடுத்த தெருக்களும் அதில் உண்டு. எடுத்தவர், வருடம், இடம், எண் எல்லாம் கூடவே இருக்கும். அங்கிருந்து எடுத்தால் குறிப்பு எழுதுவது ஐந்து நிமிட வேலை. எங்கோ சுற்றிச் சுற்றி வந்த மங்கலான பிரதியை எடுத்துப் போடுவதால்தான் பெயரில்லாத படமும் ஊகித்து எழுதிய வரியும் வருகின்றன.

உங்கள் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய தெருவோ பூங்காவோ இருக்கும் பிரிண்ட் ஏதாவது இருந்தால் அதை லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் தெரிந்தவரை இடம், வருடம், யார் சொன்னது என்று எழுதி வையுங்கள். என் வீட்டிலேயே ஒரு தெருப் படம் இருக்கிறது. அது எந்தத் தெரு என்று தெரிந்த கடைசி ஆளும் போன பிறகுதான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்போது அதில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையின் பாதி எழுத்தை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது அந்த முதல் படத்தை முழு அளவில், வெட்டாமல் மறுபடி போடுங்கள். குறிப்பு நீளமாக இருக்கும் என்று யோசிக்க வேண்டாம், கீழே எழுதியிருக்கிறேன், பக்கத்தில் நான்கு வரிதான் வரும்:

'பாரிஸ், புல்வார் து தாம்பிள், 1838. எடுத்தவர் லூயி டாகேர். இடம் வலம் மாறி விழுந்த படம். மூலத் தகடு மியூனிக்கில் சிதைந்துவிட்டது, இது நகல். தெருவில் அப்போது ஆட்களும் வண்டிகளும் நிறைய இருந்தார்கள். வெளிச்சம் பதியப் பல நிமிடங்கள் ஆனதால், பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்றவர் மட்டும் தெரிகிறார்.'

அன்புடன்,
உங்கள் ஞாயிறு வாசகர்